என் மனைவியின் ஜெப நோட்டு

ஜெபிப்பதற்கென்று என் மனைவி ஒரு நோட்டு வைத்திருந்தாள். பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடும் நீள நோட்டு. ஒரு பக்கம் பெயர், எதிர்ப்பக்கம் காரியம். "இரண்டாவது பிரசவம், சுகர் இருக்கிறது." "மகன் துபாயில், சம்பளம் வரவில்லை." "வீட்டுக்காரர் குடி." காரியம் முடிந்தால் தேதி போட்டு ஒரு கோடு இழுப்பாள். இதுவரைக்கும் பலர் செய்வதுதான். அவள் கூடுதலாக ஒன்று செய்தாள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் விலாசம் எழுதினாள். தெரு, கதவிலக்கம், அது தெரியாவிட்டால் "மாவுமில்லுக்குப் பின்னால், வேப்பமரத்து வீடு" என்று அடையாளம். எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன். "போகணும்ல" என்றாள்.

2023 லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களில், அவள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். சினைப்பைப் புற்றுநோய். அப்போது மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், மகன் ஒன்பதாம் வகுப்பு. அதற்குப் பிறகு எங்கள் சபையிலும் வெளியிலும் சிலர் என்னைத் தேடி வந்து பேசியிருக்கிறார்கள். மனைவியை இழந்தவர்கள், இழக்கப்போகிறோம் என்று டாக்டர் வாயிலிருந்து கேட்டுவிட்டு வந்தவர்கள். பிள்ளைகளை எப்படிச் சமாளித்தீர்கள், பேப்பர் வேலையெல்லாம் எப்படி முடித்தீர்கள் என்று கேட்பார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கூடவே அவளைப் பற்றியும். அவளை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

அவள் பிறந்தது மெய்ஞ்ஞானபுரம் பக்கம், செம்மண் தேரிக்காட்டை ஒட்டிய ஊர். மெய்ஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். பனைகளுக்கு மேலே அது தலைகாட்டினால் வீடு வந்துவிட்டது என்று பஸ்ஸில் எழுந்து நிற்பாள். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவளுடைய ஆச்சி ரேந்தை, அதாவது லேஸ், பின்னுவார். எங்கள் சீமையில் அந்த வேலை கிறிஸ்தவப் பெண்கள் கைக்கு வந்த கதையை என் மனைவி மகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் ரேந்தை வேலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தபோது, அங்கே பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு அதையும் சேர்த்துக் கொடுத்தார். கையில் ஒரு தொழிலும் நாலு எழுத்தும் இருந்த பெண்ணின் பேச்சு வீட்டில் எடுபட்டது. "ஆச்சி படிச்சது கொஞ்சம்தான், ஆனா யாருக்கும் பயப்பட மாட்டா" என்பாள் என் மனைவி. ஆச்சியிடம் அவள் கற்றது குரோஷா ஊசி வேலை. அவள் ஓரம் பின்னிய வெள்ளைத் துணிகள் எங்கள் கோயிலில் நற்கருணை மேசைக்குப் பல பண்டிகைகளில் விரித்தவை.

கடைசியாக ஒன்று பின்னினாள். கீமோ மருந்தில் அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசி கையில் இருப்பதே தெரியவில்லை, நழுவி நழுவி விழுந்தது. பிடுங்கி வைத்துவிட எனக்கு மனம் இல்லை. தையல் கடைக்குப் போய் தடித்த ஊசியும் பருத்த நூலும் வாங்கி வந்தேன். விரல் சொல்ல வேண்டியதைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பின்னி முடித்தாள். அந்தத் துணி இப்போது கோயில் அலமாரியில் இருக்கிறது. மூன்று பக்கம் மெல்லிய நூல், நாலாவது பக்கம் தடித்த நூல். உற்றுப் பார்த்தால் தெரியும். சேலை மடிப்பு எடுப்பது, மாத்திரை உறை பிரிப்பது எல்லாமே அந்த மரத்துப்போதலில் சிரமமாகிவிடும். நோயாளி பிரியப்பட்டுச் செய்யும் வேலையை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், அதைப் பெரிதாக, தடிமனாக, சுலபமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி ஒன்றுக்குப் போவது. இவைதான் அவளுக்கு வந்தவை. வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடிக்கிற அறிகுறிகள். வாரக்கணக்கில் நின்றுபோகாமல் இருந்தால் டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். பாப் ஸ்மியர் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள் என்று சமாதானமாகிவிடும் பெண்கள் நிறைய. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. சினைப்பையில் இருப்பதை அது காட்டாது.

மருத்துவம் இதற்கு மேல் பலன் தராது என்ற நிலை வந்தபோது அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாள். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு நாங்கள் நினைத்ததைவிட உதவி இருந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சைக்கும் செவிலியர் வீடு தேடி வருகிறார்கள். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிய வேண்டும், அவ்வளவுதான். மார்ஃபின் என்றதும் என் அத்தை, அதாவது அவள் அம்மா, பயந்துபோனார்கள். பழகிவிடும், புத்தி பேதலித்துவிடும் என்று. வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டியதில்லை என்று செவிலியர் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுங்கள் என்றும் சொன்னார். அந்த ஒரு யோசனை எங்களுக்கு எவ்வளவு உபகாரமாக இருந்தது என்று படுக்கை நோயாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜெபிக்க வந்த ஒருவர், மாத்திரையை விட்டுவிட்டு விசுவாசத்தோடு நில்லுங்கள் என்று சொன்னார். அவள் படுத்தபடியே வேதாகமத்திலிருந்து பதில் சொன்னாள். "லூக்கா டாக்டர்தானே? பவுல் அவரைக் கூடவேதானே வச்சிருந்தாரு." அவளால் ஜெபிக்க முடிந்ததே வலி அடங்கிய பிறகுதான். வலி உச்சத்தில் இருந்த ராத்திரிகளில் ஒரு வசனம்கூட அவளுக்கு நினைவு வரவில்லை. நாங்கள் யாராவது ஒருவர் 121ஆம் சங்கீதத்தை வாசிப்போம், அவள் கேட்பாள். விசுவாசி என்றால் வலியில் முனகக் கூடாது என்று யாரும் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த வாரத்திலேயே மகளைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னாள். அடக்க ஆராதனைக்குப் பாமாலைப் புத்தகத்தில் இரண்டு பாட்டு, கீர்த்தனையில் ஒன்று. எந்த ராகத்தில் என்பதும் சேர்த்து. வேதபாடம் யார் வாசிக்க வேண்டும், எந்தச் சேலை, மாலைகள் வேண்டாம், அந்தப் பணத்தை என்ன செய்ய வேண்டும். மகள் அழுதுகொண்டே எழுதினாள். நான் வெளியே போய்விட்டேன். ஆனால் அந்தத் தாள் இல்லையென்றால் அன்றைக்கு எங்கள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். துக்க வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பந்தல், பெட்டி, ஒலிபெருக்கி, எத்தனை மணிக்கு எடுப்பது என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். எங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர், அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "அம்மா சொன்னபடியே நடக்கட்டும்" என்றார். அதோடு எல்லாப் பேச்சும் அடங்கியது.

அடக்கத்துக்குப் பிறகு வந்த நாட்களில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. தமக்குப் பிரியமானவர்களைக் கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார். ஆறுதல் சொல்லத்தான் சொன்னார்கள். ஒரு நாள் ராத்திரி மகன் என்னிடம் கேட்டான். "அப்போ பெரியம்மாவ அவருக்குப் பிடிக்காதாப்பா? உங்களையும் பிடிக்காதா?" அவன் கேலிக்குக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டான். ஐயரிடம் கூட்டிப்போனேன். அவர் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தம் சிநேகிதன் லாசரு செத்தபோது, அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு அழுதார், நீயும் அழு, ஏன் என்று கேட்டுக்கொண்டே அழு, அதில் பாவம் இல்லை என்றார். அப்புறம் இருவரும் வெளியே போய் டீ குடித்தார்கள். பையன் அன்றைக்குத்தான் தூங்கினான்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. காரணம் சொல்லாதீர்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அவளோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியை வந்து, பரீட்சை நாளில் ஒரு பிள்ளை செருப்பில்லாமல் வந்ததற்காக இவள் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறியதைச் சொன்னார். எங்கள் மூன்று பேருக்குமே அது புதுச் செய்தி. அதைப் போல எது எங்களைத் தேற்றியது? சுக்குக்காப்பியும் இட்லியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டம்மாவைத்தான் சொல்ல வேண்டும்.

பேப்பர் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். சான்றிதழில் பெயரின் எழுத்து ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். நம் ஆட்கள் பெயர்களில் வரும் ஒரு எழுத்து மாற்றம் பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். இறந்தவருடைய சிம்மை உடனே விட்டுவிடாதீர்கள். வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும், ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தால் எண் வேறு யாருக்காவது போய்விடும். எண்ணோடு வாட்ஸாப் குரல்பதிவுகளும் போய்விடக் கூடும். முதலில் அவற்றை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். "வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்ற ஒரு குரல்பதிவு இன்றைக்கு எங்கள் வீட்டுச் சொத்து.

சொத்து என்றதும் இன்னொன்று. அவள் பெயரில் ஒரு மனை இருந்தது. மனைவி சொத்து கணவனுக்குத்தானே என்று எங்கள் உறவில் எல்லோரும் நினைத்தார்கள். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் மனைவி இறந்தால், பிள்ளைகள் இருக்கும் பட்சத்தில் கணவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான், மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்ற பேதம் அதில் இல்லை. வங்கியில் நாமினி என்று பெயர் இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாங்கியவர் வாரிசுகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இது தெரியாமல் அண்ணன் தம்பிக்குள் கோயில் வாசலில் பேச்சு நின்றுபோன வீடுகளை எனக்குத் தெரியும்.

கல்லறை. அடக்கம் முடிந்ததும் கல் எப்போது என்று கேட்பார்கள். அவசரப்படாதீர்கள். மண் இறங்கி உட்கார ஒரு மழைக்காலமாவது போக வேண்டும். அதற்கு முன்னால் மேலே கான்கிரீட் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்து விரிசல் விழும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அப்படிப் பிளந்து கிடப்பவை எத்தனையோ. என்ன எழுதுவது என்பதில்தான் எங்களுக்கு நாளானது. பட்டங்கள், வகித்த பொறுப்புகள், ஒரு நீண்ட கவிதை என்று உறவினர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மகளுக்கு டோனாவூர் ஞாபகம் வந்தது. அங்கே கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1951இல் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் குளிக்கிற ஒரு கல்தொட்டியை வைத்து, தாய் என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள். எங்கள் குடும்பமாக அங்கே போனபோது என் மனைவி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். கடைசியில் அவளுக்குப் பெயர், இரண்டு தேதிகள், சங்கீதத்தின் எண். அவ்வளவுதான் எழுதினோம். பெயின்ட் வேண்டாம், வெட்டிப் பொறிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் இரண்டு வெயிலுக்குத் தாங்காது.

குடும்ப ஜெபம்தான் எங்களுக்குப் பெரிய சோதனையாக இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு முன்னறையில் பாய் விரித்து, அவள்தான் பாட்டை எடுப்பாள். அவள் போன பிறகு அந்த நேரத்தில் அந்த இடத்தில் எங்கள் மூவருக்கும் தொண்டையைத் திறக்க முடியவில்லை. மகள்தான் ஒரு வழி சொன்னாள். நேரத்தையும் இடத்தையும் மாற்றினோம். காலையில், அடுக்களையில், நின்றபடியே. ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம். பாட்டு கிடையாது. பாட்டு தானாகத் திரும்பி வர மாதங்கள் ஆயின. மகன்தான் பல் தேய்த்துக்கொண்டே முனக ஆரம்பித்தான்.

அவள் இல்லாத முதல் கிறிஸ்மஸ் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. தெற்கே இருப்பவர்களுக்கு அந்தத் தேதிகளைச் சொன்னால் போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டு, கரண்ட் இல்லை, போன் இல்லை. தண்ணீர் வடிந்து ரோடு திறந்ததும் எங்கள் சபை வாலிபர்கள் ஒரு வேனில் அரிசி, பாய், போர்வை ஏற்றினார்கள். எங்கே போவது, யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, மகள் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தாள். என் மனைவி முதலில் வேலை பார்த்தது ஏரல் பக்கத்துப் பள்ளியில். அங்கத்திய பெயர்கள் மூன்று பக்கத்துக்கு இருந்தன, தெருவோடு, அடையாளத்தோடு. அதில் எல்லா மதத்துப் பெயர்களும் உண்டு. போன் வேலை செய்யாத ஊரில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வீடு வீடாகப் போனோம். சில வீடுகளில் சுவரே இல்லை. மாவுமில் இருந்தது, வேப்பமரம் சாய்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் சேறு அள்ளிக்கொண்டிருந்த வயதான அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வரலியா?" என்று கேட்டார்கள். மகள் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, சேற்றுக் கையோடு இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்கள். "எம் மருமவ பிரசவத்துக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில நின்ன புள்ளலா அது" என்றார்கள். நோட்டைப் பிறகு பார்த்தேன். "இரண்டாவது பிரசவம், சுகர் இருக்கிறது." பக்கத்தில் தேதியும் கோடும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. 2024இல் முந்திரிக்கொத்து போட்டே ஆக வேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றான். நல்லவேளையாக, நோய் தெரிந்த வருஷத்து டிசம்பரில் மகள் தன் போனில் அம்மாவின் கையை மட்டும் படம் பிடித்து வைத்திருந்தாள். சிறுபயறை எந்த நிறம் வரை வறுப்பது, எப்படிப் புடைத்துத் தொலி போக்குவது, ஒன்றிரண்டாகத் திரிப்பது, கருப்பட்டிப் பாகு எப்போது இறக்குவது. அளவு கேட்டால் "கண்ணுக்குத் தெரியும்" என்பவள் அவள். மகள் விடாமல் ஒவ்வொன்றையும் உழக்கில் அளந்து பார்த்து, கேட்டு எழுதியிருந்தாள். பயறும் தேங்காயும் எள்ளும் பாகில் கிளறி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் உருட்டினோம். மஞ்சள் சேர்த்த அரிசிமாவில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போட வேண்டும், அப்போதுதான் கொத்து. முதல் ஈட்டில் தனித்தனியாகப் பிரிந்துபோயின. படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். மாவு கொஞ்சம் தளர இருந்தது தெரிந்தது. சமையலைப் படம் பிடிக்க நினைப்பவர்கள் முகத்தை எடுங்கள், கையையும் கிட்டத்தில் எடுங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள்.

அவளுடைய வேதாகமத்தின் முதுகு கிழிந்திருக்கிறது. செலோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். ஓரத்தில் அவள் எழுதிய குறிப்புகளை ஒவ்வொரு பக்கமாகப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டேன்.

இந்த வருஷம் நானும் உயில் எழுதினேன். கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்றில்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சியாக இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். அதனால் சபையில் இரண்டு பேரைக் கேட்டுக்கொண்டேன். அதோடு என் அடக்க ஆராதனை ஒழுங்கையும் ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தேன். அவள் நின்று வாசித்தாள். இரண்டாவது பாட்டு அம்மாவுக்குப் பாடியது, அது வேண்டாம், வேறு எழுதுங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன்.